பெயரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பிராண்ட் ஈக்விட்டி ஆய்வு தொடங்கும் ஒருவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன். பிராண்ட் ஈக்விட்டி, அதாவது ஒரு பொருளுக்கு அதன் பெயர் மட்டுமே சேர்க்கும் கூடுதல் மதிப்பு, அதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியிருக்கிறீர்கள். நிறையக் கட்டுரைகள் படித்துவிட்டீர்கள். எல்லாவற்றிலும் ஒரே முடிவுதான் வருகிறது: பிராண்ட் ஈக்விட்டி கூடினால் வாங்கும் எண்ணமும் கூடுகிறது. 'எங்கள் கருதுகோள் தவறாகிவிட்டது' என்று ஒருவர்கூட எழுதவில்லை. உங்கள் நெறியாளரோ, அதே கேள்வித்தாளை எடுத்து 400 பேரிடம் நிரப்பி வாங்கி வரச் சொல்கிறார். 'இது ஆராய்ச்சியா, சடங்கா?' என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியே பார்த்தால் கேள்வித்தாளைப் பற்றிய சந்தேகம்தான். உள்ளே இருக்கும் கேள்வி அதைவிடப் பெரியது என்று எனக்குப் படுகிறது. பிராண்ட் ஈக்விட்டி என்று ஒன்று நிஜமாகவே மக்கள் மனதில் இருக்கிறதா, அல்லது நாம் போய்க் கேட்பதால்தான் அது தோன்றுகிறதா?

நான் சந்தை ஆய்வு நிறுவனங்களில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் கற்பிக்க வந்தவன். ஆய்விதழ்களுக்கு மதிப்பீட்டாளராகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அது இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அதை அளக்கவில்லை. அளந்தது வேறொன்றை.

இந்தக் கருத்து பிறந்த கதையிலிருந்து தொடங்குவது நல்லது. 1980களின் கடைசியில் பெரிய நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விலைக்கு வாங்கின. 1988இல் மட்டும் நெஸ்லே ரௌன்ட்ரீயை வாங்கியது, ஃபிலிப் மாரிஸ் சுமார் 1300 கோடி டாலர் கொடுத்து கிராஃப்டை வாங்கியது. கொடுத்த விலைக்கும், ஆலை, இயந்திரம், சரக்கு என்று கணக்குப் புத்தகத்தில் இருந்த மதிப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்த இடைவெளிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. 1991இல் சந்தைப்படுத்தல் அறிஞர் டேவிட் ஆக்கர் அதைப் பாகம் பாகமாகப் பிரித்தார். விசுவாசம், பெயர் அறிமுகம், உணரப்படும் தரம், பெயரோடு ஒட்டி வரும் எண்ணங்கள், கூடவே காப்புரிமை போன்ற பிற சொத்துகள் என்று ஐந்து. 1993இல் கெவின் லேன் கெல்லர் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்கில் ஒரு வரையறை கொடுத்தார். நீங்கள் அதை மேற்கோள் காட்டியே இருப்பீர்கள். அதை என் மொழியில் சொல்கிறேன்: ஒரு பொருளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதே பொருள், அதே விலை, அதே விளம்பரம், ஆனால் பெயர் இல்லை அல்லது யாரும் கேள்விப்படாத பெயர். இந்த இரண்டுக்கும் வாங்குபவர் காட்டும் எதிர்வினையில் வரும் வித்தியாசம்தான் பிராண்ட் ஈக்விட்டி. அந்த வித்தியாசம், பெயரைப் பற்றி அவர் தலைக்குள் வைத்திருக்கும் அறிவினால் வந்திருக்க வேண்டும்.

'வித்தியாசம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான கட்டுரைகள் கெல்லரை மேற்கோள் காட்டுகின்றன. அவற்றில் பலவற்றில் பெயருடன் ஒரு குழு, பெயரில்லாமல் ஒரு குழு என்ற ஒப்பீடே இருக்காது. இருப்பது ஒரே குழு, ஒரே பெயர், 'பிடிக்குமா, எவ்வளவு பிடிக்கும்' என்ற கேள்விகள். கழிக்க வேண்டிய எண்ணே இல்லாமல் கழித்தல் கணக்குப் போட முடியுமா?

ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. இந்தத் துறையில் உறுதியானது என்று நான் நம்புவதெல்லாம் அவற்றிலிருந்துதான் வருகிறது. 1964லேயே அல்லிசனும் ஊலும் வழக்கமாக பீர் குடிப்பவர்களிடம் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டிகளைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். தான் வழக்கமாகக் குடிக்கும் பீர் எது என்று பொதுவாக யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்புறம் அதே பீரைப் பெயர்ச்சீட்டோடு கொடுத்ததும் மதிப்பெண்கள் ஏறின. அவரவர் தம்முடைய பீரை மேலே வைத்தார்கள். புட்டிக்குள் எதுவும் மாறவில்லை, வெளியே ஒட்டிய காகிதம்தான் மாறியது.

ஹோயரும் பிரௌனும் 1990இல் செய்தது இன்னும் கூர்மையானது. வேர்க்கடலை வெண்ணெயில் மூன்று பிராண்டுகளை முன்னால் வைத்து, ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெயர் தெரிந்த பிராண்டின் டப்பாவில் வேண்டுமென்றே தரம் குறைந்ததைப் போட்டு வைத்த ஏற்பாடும் இருந்தது. அப்போதும் பெரும்பாலோர் பெயர் தெரிந்ததையே எடுத்தார்கள். மற்றவற்றை ருசி பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்கள். பெயர்கள் எதுவுமே தெரியாத குழுவினர் அதிகம் ருசி பார்த்தார்கள், நல்லதைக் கண்டுபிடிக்கவும் செய்தார்கள். பெயர் அறிமுகம் தேடலையே நிறுத்திவிடுகிறது என்பதுதான் இதில் முக்கியம். 'சற்றும் ஒத்துக்கொள்ளவில்லை' முதல் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' வரை போகும் ஐந்து புள்ளி அளவுகோலில் எவ்வளவு கேட்டாலும் இது வெளியே வராது, ஏனென்றால் தேடாமல் விட்டதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ப்ரோனென்பெர்க், ட்யூபே, ஜென்ட்ஸ்கோ, ஷாப்பிரோ நால்வரும் 2015இல் வெளியிட்டது. அமெரிக்காவில் தலைவலி மாத்திரை வாங்குபவர்களின் கொள்முதல் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மருந்துதான், ஒன்று பெரிய பெயரில் கூடுதல் விலைக்கு, இன்னொன்று கடையின் சொந்தப் பெயரில் மலிவாக. சராசரி நுகர்வோர் 26 சதவீதம் முறை பெரிய பெயரை வாங்கினார்கள். மருந்தாளுநர்களோ 9 சதவீதம் முறைதான். உப்பு, சர்க்கரை போன்றவற்றில் சமையல் தொழில் செய்பவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது. தொழில் என்ன, மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று சர்வேயில் கேட்டார்கள், ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைக் கேள்வி கேட்டு அளக்கவில்லை. அதற்குப் பில்லைத்தான் பார்த்தார்கள். பெயருக்காக நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி, பொருளைப் பற்றித் தெரியாததற்காகக் கொடுக்கும் பணம் என்பது இதில் வெளிப்படுகிறது. பகுதிதான், முழுவதும் அல்ல. மருந்தாளுநர்களும் 9 சதவீதம் முறை பெரிய பெயரை வாங்கியிருக்கிறார்களே!

இதே குழுவில் மூவர் 2012இல் இன்னொன்று செய்தார்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் எந்தப் பிராண்டை வாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். பழைய ஊர்ப் பழக்கத்துக்கும் புதிய ஊர்ப் பழக்கத்துக்கும் உள்ள இடைவெளியில் சுமார் 60 சதவீதம் குடிபெயர்ந்த உடனேயே மூடிவிடுகிறது. மீதி மிக மெதுவாகக் கரைகிறது. அந்த மீதியில் பாதி கரைவதற்கே 20 வருடங்களுக்கு மேல் ஆகிறது. உடனே மாறும் பகுதி கடையில் என்ன கிடைக்கிறது, என்ன விலை, என்ன விளம்பரம் என்பதன் வேலை. மெதுவாகக் கரையும் பகுதி மனிதர் கூடவே சுமந்து வந்தது. பிராண்ட் ஈக்விட்டி என்று கைகாட்டச் சொன்னால் நான் அந்த மெதுவான பகுதியைத்தான் காட்டுவேன்.

கோலா கதையை நீங்களும் குறிப்பிட்டிருந்தீர்கள், அதனால் அதையும் தொடுகிறேன். 1985 ஏப்ரலில் கோகோ கோலா தன் பழைய கலவையை மாற்றியது. அதற்கு முன்னால் சுமார் இரண்டு லட்சம் ருசிச் சோதனைகள் நடத்தியிருந்தார்கள், புதியது ஜெயித்திருந்தது. சந்தைக்கு வந்ததும் எதிர்ப்பு கிளம்பி, ஜூலையிலேயே பழையது திரும்பி வந்தது. சந்தை ஆய்வு தோற்றுப்போனதற்கு உதாரணமாக இதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோதனை கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் வந்தது. பெயரில்லாத கோப்பையில் எது ருசி என்பது கேள்வி. முடிவு எடுத்ததோ பெயர் ஒட்டிய புட்டிக்கு. 2004இல் மெக்ளூர் குழுவினர் 67 பேரை வைத்து இதையே ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். பெயர் சொல்லாதபோது இரண்டு கோலாக்களுக்கும் ஏறக்குறைய சமமான ஆதரவு. கோக் என்று சொன்னதும் விருப்பம் அந்தப் பக்கம் சாய்ந்தது, மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதிகளும் சேர்ந்து இயங்கின. பெப்சி என்று சொன்னபோது அப்படி நடக்கவில்லை. 2008இல் கோனிக்ஸ், டிரனெல் இருவரும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியில் சேதம் அடைந்தவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். அவர்களிடம் பெயர் சொன்ன பிறகும் விருப்பம் மாறவில்லை. மூளைப்படம் எடுக்கும் ஆய்வு என் பயிற்சிக்கு வெளியே உள்ளது, படித்துத் தெரிந்துகொண்டவன்தான் நான். ஆகவே எந்தப் பகுதி எதைச் செய்கிறது என்ற விளக்கங்களில் நான் எடை போட மாட்டேன். பெயரோடு ஒரு முறை, பெயரில்லாமல் ஒரு முறை என்ற ஆய்வு அமைப்புக்குத்தான் என் ஓட்டு.

சரி, இப்போது உங்கள் கையில் இருக்கும் கேள்வித்தாளுக்கு வருவோம். அது பெரும்பாலும் யூவும் டோந்துவும் 2001இல் உருவாக்கிய அளவுகோலாகத்தான் இருக்கும், அல்லது அதிலிருந்து வந்த ஏதாவது ஒன்றாக. அவர்கள் செய்தது நேர்மையான வேலை. அமெரிக்கர்கள், கொரிய அமெரிக்கர்கள், கொரியர்கள் என்று 1530 மாணவர்களிடம் காலணி, கேமரா ஃபிலிம், டிவி ஆகியவற்றின் பிராண்டுகள் பற்றிக் கேட்டு, பத்துக் கேள்விகளாகச் சுருக்கினார்கள். அதில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. ஆக்கரின் கோட்பாட்டில் தனித்தனியாக இருந்த அறிமுகமும் எண்ணங்களும் அவர்களுடைய தரவில் பிரியவே இல்லை, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. கோட்பாடு ஒன்று சொல்லி, தரவு வேறு சொன்ன இடம் அது. பின்னால் வந்தவர்கள் பலர் ஆக்கரை மேற்கோள் காட்டி, காப்புரிமை போன்ற ஐந்தாவது பாகத்தை விட்டு நான்கு பெட்டி வரைந்துவிட்டு, மூன்று பெட்டிக் கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள்.

எல்லாக் கட்டுரையிலும் ஏன் 'ஆம்' என்றே வருகிறது? முதல் காரணம் கேள்விகளே. விசுவாசத்துக்கான ஒரு கேள்வி, 'இந்தப் பிராண்ட்தான் என் முதல் தேர்வு' என்று வரும். வாங்கும் எண்ணத்துக்கான கேள்வி, 'அடுத்த முறை இந்தப் பிராண்டை வாங்குவேன்' என்று வரும். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டுவிட்டு, இரண்டு பதிலுக்கும் ஒட்டுறவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறோம். இல்லாமல் போனால்தான் அதிசயம். அதோடு, பதில் சொல்பவர் ஒரே ஆள். ஒரே உட்காரலில், ஒரே ஐந்து புள்ளி அளவுகோலில், 'ஒத்துக்கொள்கிறேன்' கட்டத்தில் மேலிருந்து கீழே டிக் போட்டுக்கொண்டே போகிறார். பாட்ஸகாஃப் குழுவினர் 2003இல் இந்த முறைசார் சாய்வைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இப்போது எல்லாரும் அதை மேற்கோள் காட்டி, அந்தச் சாய்வு இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்மன் சோதனை ஒன்றைப் போட்டு, 'எங்கள் ஆய்வில் இந்தப் பிரச்சினை இல்லை' என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அந்தச் சோதனை மிகவும் பலவீனமானது என்று அதே கட்டுரையே எச்சரிக்கிறது என்பதுதான் வேடிக்கை.

அப்புறம் அம்புக்குறி. நீங்கள் வரையும் படத்தில் பிராண்ட் ஈக்விட்டியிலிருந்து வாங்குதலுக்கு அம்பு போகும். சந்தைப்படுத்தல் ஆய்வாளர் ஆன்ட்ரூ எஹ்ரன்பெர்க்கும் அவர் வழி வந்தவர்களும் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இதற்கு நேர் எதிர். பயன்படுத்துபவர்கள் தாங்கள் பயன்படுத்தும் பிராண்டைப் பற்றி நல்லதாகச் சொல்வார்கள், பயன்படுத்தாதவர்கள் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. ஆகவே சர்வேயில் கிடைக்கும் நல்லெண்ணத்தின் பெரும்பகுதி, யார் எதை ஏற்கெனவே வாங்குகிறார்கள் என்பதன் நிழல். ஒரே நேரத்தில் எடுத்த சர்வேயை வைத்துக்கொண்டு எது முந்தியது எது பிந்தியது என்று சொல்ல வழியே இல்லை. அம்புக்குறிப் படத்தைத் தரவோடு பொருத்திப் பார்க்கும் அமைப்புச் சமன்பாட்டு மாதிரி எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி, அம்பைத் திருப்பிப் போட்டாலும் அதே அளவு பொருந்தும் வாய்ப்பு அதிகம். வேண்டுமானால் உங்கள் தரவில் ஒரு முறை திருப்பிப் போட்டுப் பாருங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் சொந்த ஆய்வேடு இதே வார்ப்பில்தான் இருந்தது. ஏழு கருதுகோள்கள், ஏழும் நிரூபணம், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா எல்லாம் 0.9க்கு மேல். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, எந்த முடிவு வந்திருந்தால் நீங்க தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டிருப்பீங்க?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. பட்டம் கிடைத்தது, அந்தக் கேள்வி போகவில்லை. ஆல்ஃபா 0.9க்கு மேல் போனது பெருமை என்று நினைத்திருந்தேன். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி நான்கு தடவை கேட்டால் ஆல்ஃபா தானாகவே ஏறும் என்பது பின்னால்தான் உறைத்தது.

விசுவாசம் என்ற பாகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் துறைக்குள் உண்மையான சண்டை இருக்கிறது. 1963இல் மெக்ஃபீ ஒரு விஷயத்தைக் கவனித்தார். எஹ்ரன்பெர்க் அதைப் பிராண்டுகளுக்குப் பொருத்தினார். சிறிய பிராண்டுக்கு இரட்டை அடி விழுகிறது. வாங்குபவர்களும் குறைவு, அந்தக் குறைவான பேரும் பெரிய பிராண்டை வாங்குபவர்களைவிடச் சற்றுக் குறைந்த தடவைதான் வாங்குகிறார்கள். எத்தனையோ பொருள் வகைகளில் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1984இல் குட்ஹார்ட், எஹ்ரன்பெர்க், சாட்ஃபீல்ட் மூவரும் இதைக் கணித மாதிரியாக்கினார்கள். 2010இல் பைரன் ஷார்ப் இதைப் புத்தகமாக்கி நிறுவனங்களிடம் கொண்டுபோனார். இது உண்மையென்றால், விசுவாசத்தின் பெரும்பகுதி சந்தைப் பங்கின் விளைவு. அதை ஈக்விட்டியின் ஒரு பாகம் என்று கணக்கில் சேர்த்து, அதை வைத்துச் சந்தைப் பங்கை விளக்கினால் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வருவோம். நான் இந்த விஷயத்தில் பெரும்பாலும் எஹ்ரன்பெர்க் கட்சி. ஆனால் அவர்களுடைய கணித மாதிரி, நிலையாக இருக்கும் சந்தையைத்தான் விவரிக்கிறது. பெரிய பிராண்ட் எப்படிப் பெரியதாயிற்று என்று கேட்டால், 'எளிதாக நினைவுக்கு வந்தது, எளிதாகக் கிடைத்தது' என்கிறார்கள். எளிதாக நினைவுக்கு வருவது ஏறக்குறைய கெல்லர் சொன்ன அறிமுகம்தானே? இரண்டு கட்சிக்கும் நடுவே உள்ள தூரம் மேடையில் தெரிவதைவிடக் குறைவு.

சந்தேகத்தோடு படிக்க வேண்டியவையும் உண்டு. ஜெனிஃபர் ஆக்கர் 1997இல் பிராண்டுக்கு நேர்மை, உற்சாகம், திறமை, நாகரிகம், முரட்டுத்தனம் என்று ஐந்து குணங்கள் உண்டு என்றார். மனிதருக்குச் சொல்லும் குணத்தைப் பொருளுக்கு ஒட்டுவது அளவீடா உருவகமா என்று 2003லேயே அசூலேவும் காப்ஃபெரரும் கேட்டுவிட்டார்கள். பண்பாடு மாறும்போது ஐந்தும் அப்படியே வருவதுமில்லை. பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம், அடித்தளமாக வைக்க வேண்டாம். நுகர்வோர் உளவியலின் கவர்ச்சியான முடிவுகள் பல மறுசோதனையில் ஆட்டம் கண்டிருக்கின்றன. நின்று பார்த்தவர்களில், 24 வகை ஜாம் வைத்தால் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள், 6 வகை வைத்தால் 30 சதவீதம் பேர் வாங்கினார்கள் என்ற 2000ஆம் ஆண்டு ஆய்வு எல்லா மேடையிலும் வரும். 2010இல் ஷைபெஹென்னே குழுவினர் 50 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு பூஜ்யத்துக்கு அருகில் இருந்தது. சில சூழல்களில் விளைவு உண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் பொது விதியாக அது நிற்கவில்லை. ஒரே ஒரு ஆய்வில் ஒரே ஒரு தடவை கண்டதைக் கருதுகோளுக்குத் தூணாக வைக்கும்முன் அதை யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்று தேடுங்கள்.

நீங்கள் கேட்ட இன்னொன்று, 'உலகின் மதிப்புமிக்க பிராண்டுகள்' பட்டியலில் வரும் டாலர் தொகையை ஆய்வில் பயன்படுத்தலாமா என்பது. வேண்டாம். இந்தப் பட்டியல்களை வெளியிடும் மூன்று நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 2023இல் ஆப்பிள் பெயரின் மதிப்பு இன்டர்பிராண்ட் கணக்கில் சுமார் 50,000 கோடி டாலர், கான்டார் கணக்கில் 88,000 கோடி, பிராண்ட் ஃபைனான்ஸ் கணக்கில் 30,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஒரே வருடம், ஒரே பிராண்ட், மூன்று மடங்கு இடைவெளி. இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, முறைகள் வேறு, அனுமானங்கள் வேறு. ஒரு நிறுவனம் தானே வளர்த்த பிராண்டைச் சொத்தாகப் பதிவு செய்யக் கூடாது என்று சர்வதேசக் கணக்கியல் தரம் 38 சொல்கிறது. நம்பகமாக அளக்க வழியில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். விற்பனைத் தரவு கிடைத்தால் இதைவிட நேரான அளவு ஒன்று உண்டு. ஐலவாடி, லேமன், நெஸ்லின் மூவரும் 2003இல் முன்வைத்தது. பிராண்டின் வருவாயிலிருந்து, அதே வகையில் கடையின் சொந்தப் பெயரில் விற்கும் பொருளின் வருவாயைக் கழித்தால் வருவது. பாருங்கள், மறுபடியும் கழித்தல்தான்.

'நாம் கேட்பதால்தான் தோன்றுகிறதா' என்ற சந்தேகமும் வெறும் தத்துவம் இல்லை. மார்விட்ஸ், ஜான்சன், ஷ்மிட்லைன் மூவரும் 1993இல் காட்டினார்கள்: கார், கணினி வாங்கும் எண்ணம் உண்டா என்று ஒரு முறை கேட்கப்பட்ட குடும்பங்கள், கேட்கப்படாத குடும்பங்களைவிட அதிகமாக வாங்கின. கேள்வித்தாள் வெறும் வெப்பமானி இல்லை, அறையைக் கொஞ்சம் சூடாக்கவும் செய்கிறது. அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கேட்கப்படாத ஒரு குழு பக்கத்தில் இருந்தால் அந்தச் சூட்டையும் அளந்துவிடலாம்.

இனி அந்த 400 பேர். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று நெறியாளரிடம் கேட்டால், எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று கணக்கிடும் யமானே சூத்திரம் என்பார். மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும், 5 சதவீதப் பிழைக்கு அந்தச் சூத்திரம் 400ஐத் தாண்டாது. க்ரெஜ்ஸி, மார்கன் அட்டவணை 384 என்று சொல்வதும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆனால் அது எதற்கான கணக்கு? மக்கள் எல்லாருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு சமமாக இருக்கும் ஒரு மாதிரியை எடுத்து, எத்தனை சதவீதம் பேர் ஆம் என்கிறார்கள் என்று மதிப்பிடுவதற்கு. தெரிந்தவர்களுக்கு லிங்க் அனுப்பி வாங்கும் 400 பதில்களுக்கு அந்தப் பிழை எல்லை பொருந்தவே பொருந்தாது. இரண்டு குழுக்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள்? நடுத்தரமான வித்தியாசத்துக்குக் குழுவுக்கு 64 பேர் போதும் என்று வழக்கமான கணக்கு சொல்லும். சிறிய வித்தியாசத்துக்குக் குழுவுக்கே சுமார் 400 பேர் வேண்டும், இரண்டு குழுவுக்கும் சேர்த்து 800 பேர்.

நெறியாளரோடு சண்டை போட வேண்டாம். அவர் சொன்ன கேள்வித்தாளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதன் முன்னால் ஒரு பக்கம் சேருங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பொருளின் விவரம், விலை, படம். பாதிப் பிரதிகளில் நீங்கள் ஆராயும் பிராண்டின் பெயர், மீதிப் பாதியில் நீங்களே உருவாக்கிய, யாரும் கேட்டிராத பெயர். விவரத்தில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. இதற்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள், இரண்டு மாற்றுப் பொருள்களோடு வைத்தால் எதை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டு பாதிகளுக்கும் நடுவே வரும் வித்தியாசம் கெல்லர் சொன்னது. பின்னால் வரும் ஐந்து புள்ளிக் கேள்விகள் அந்த வித்தியாசத்தை எவ்வளவு விளக்குகின்றன என்று பார்க்கலாம். அது ஒரு நிஜமான கேள்வி, பதில் 'இல்லை' என்றும் வரலாம். ஏற்கெனவே அந்தப் பிராண்டைப் பயன்படுத்துபவர்களையும் பயன்படுத்தாதவர்களையும் தனித்தனியாகப் பாருங்கள். முடிந்தால் சில வாரம் கழித்து, நிஜமாக எதை வாங்கினார்கள் என்று ஒரு சிறு பகுதியினரிடமாவது பில்லோடு கேளுங்கள். என்ன வந்தால் தோல்வி என்று ஒத்துக்கொள்வீர்கள் என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி, தேதி போட்டு நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

இதிலும் குறை உண்டு. காகிதத்தில் விலை சொல்வது பையிலிருந்து பணம் எடுப்பது ஆகாது, சொல்லும் தொகை பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் இரண்டு பாதிகளிலும் அந்தக் கூடுதல் இருக்கும் என்பதால், கழிக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். கூடுதல் செலவு, கேள்வித்தாளை இரண்டு விதமாக அச்சடிப்பது மட்டும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: ஒரு வகுப்புக்கு ஒரு கட்டு, இன்னொரு வகுப்புக்கு இன்னொரு கட்டு என்று கொடுத்துவிடாதீர்கள். இரண்டு கட்டையும் சீட்டுக்கட்டு போல நன்றாகக் கலைத்துவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள்.